களிமண் வாசல், 10-க்கு 14 அடி: ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி செம்மண் அடிக்கலாமா?

வாசல்திண்ணை:
வீடு செங்கல்பட்டு பக்கம், ஏரிக்குக் கீழே இருக்கிற மனை. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல 10 அடி அகலம், 14 அடி நீளத்துக்கு வெறும் தரை. மேற்கு பார்த்த வாசல். மண் கறுப்புக் களி. வெயில்ல விரல் நுழையற அளவுக்கு வெடிக்குது, ஐப்பசியில மூணு நாள் தண்ணி நிக்குது. ஒரு லோடு செம்மண் அடிச்சு அரை அடி உயர்த்தி, நடுவுல கல் பாதை, ஒரு பக்கம் புல்தரை, இன்னொரு பக்கம் வெண்டை, கத்தரி, மிளகாய்னு திட்டம். இப்போ ஆனி கடைசி. ஆடிப்பெருக்குக்குள்ள விதைக்கணும். கேள்வி ரெண்டு: ஒரு லோடு போதுமா? அடியில ஒரு அடுக்கு மணல் போட்டா தண்ணி இறங்குமா?

மண்வெட்டி:
இறங்காது. மணல் அடுக்கு அங்கேயே நின்னு ஊறும். ரெண்டு வேற வேற மண் சந்திக்கிற கோட்டுல தண்ணி தயங்கும். மேல செம்மண், கீழ களின்னா அந்தக் கோட்டுல ஒரு கண்ணுக்குத் தெரியாத குளம் உருவாகும். மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்தா காய்ஞ்சிருக்கும், எட்டு இஞ்ச் கீழ வேர் அழுகிட்டு இருக்கும். மிளகாய்ச் செடி நண்பகல்ல துவண்டு நின்னா தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்துவாங்க. அதோட கதை முடிஞ்சது.

களியில மணலைக் கலக்கிற யோசனையும் வேண்டாம். மண்ணோட பாதி அளவுக்கு மேல மணல் சேர்ந்தாதான் குணம் மாறும். நாலு மூட்டை கொட்டினா காய்ஞ்சதும் செங்கல் மாதிரி இறுகிடும். களியைத் திருத்துறது மட்கின உரம்தான்.

கீரைக்கட்டு:
முதல்ல மண் எவ்வளவு களின்னு பாருங்க. ஒரு அடி ஆழத்துல இருந்து ஒரு பிடி எடுத்து, கல், வேர் நீக்கி, உயரமான கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போடுங்க. தண்ணி நிரப்பி, துணி சோப்பு ஒரு சிட்டிகை போட்டு அஞ்சு நிமிஷம் குலுக்கி அசையாம வைங்க. ஒரு நிமிஷத்துல அடியில உட்கார்றது மணல். ரெண்டு மணி நேரத்துல அதுக்கு மேல படியறது வண்டல். மறுநாள் வரைக்கும் கலங்கலா நின்னு மெதுவா படியறது களி. மூணையும் ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க.

அப்புறம் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்துக்குக் குழி வெட்டித் தண்ணி நிரப்பி வடிய விடுங்க. ரெண்டாவது தடவை நிரப்பி, ஒரு மணி நேரத்துல எத்தனை இஞ்ச் இறங்குதுன்னு குச்சியில கோடு போடுங்க. முதல் தடவை காய்ஞ்ச வெடிப்பெல்லாம் குடிச்சிரும், அந்தக் கணக்கை நம்பக்கூடாது. மணிக்கு ஒரு இஞ்சுக்குக் கம்மின்னா தரையில நேரா நடாதீங்க, மேட்டுப்பாத்திதான்.

வாட்டம்:
எல்லாரும் மண்ணைப் பத்தியே பேசறீங்க. நான் கேட்கிறது ஒண்ணுதான்: மாடியில பெய்யற தண்ணி எங்க இறங்குது?

வாசல்திண்ணை:
மாடியில பாதி, சுமார் 600 சதுர அடி, முன்பக்கம் 4 இஞ்ச் பைப்புல இறங்குது. மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகுது. வீடு கட்டும்போதே போட்டது, 3-க்கு 3 அடி, ஆழம் 5 அடின்னு பிளான்ல இருக்கு. பெருமழைன்னா மூடி ஓரமா பொங்கி வாசல்ல பரவும்.

வாட்டம்:
பாருங்க, ஆளு மாட்டிக்கிட்டான். 600 சதுர அடின்னா சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெய்ஞ்சா ஒரு லிட்டர். 50 மி.மீ. மழைக்கு மாடியில இருந்து 2,800 லிட்டர் வருது. உங்க வாசல் மொத்தமே 13 சதுர மீட்டர், அதுமேல நேரா விழுறது 650 லிட்டர்தான். வாசலுக்கு வர்ற தண்ணியில அஞ்சுல நாலு பங்கு மாடியோடது. செம்மண்ணை ஒரு அடி உயர்த்தினாலும் அந்த 2,800 லிட்டர் எங்கேயும் போகாது. வாசலை உயர்த்தினா படிக்கட்டு வழியா உள்ள வரும், அவ்வளவுதான்.

2003-ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆனப்ப தொட்டி கட்டினவங்கள்ல பலர் அதுக்கப்புறம் மூடியைத் திறந்ததே இல்லை. மேல இருக்கிற மணல் அடுக்குல மாடித் தூசியும் இலைக்குப்பையும் படிஞ்சு பூசின மாதிரி ஆயிடும். திறந்து பாருங்க. மேல ஆறு இஞ்ச் மணலை அள்ளிக் கொட்டிட்டுப் புது மணல். அடியில இருக்கிற ஜல்லி சேறா இருந்தா வெளிய எடுத்து, கூடையில கழுவித் திரும்பப் போடணும். கூலி ஆள் ஒருத்தருக்கு ஒரு நாள் வேலை. பைப் தொட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு அடிக்கு ஒரு அடி சின்ன சேம்பர் கட்டி, கம்பி வலை போட்டா இலை அங்கேயே நிக்கும். சேம்பரோட தரை, வெளிய போற பைப்பை விட 6 இஞ்ச் கீழ இருக்கட்டும். மண் அதுல தங்கும், மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை அள்ளிடலாம்.

நிழல்வலை:
கணக்கு சரி. ஆனா தொட்டியைச் சுத்தம் பண்ணாலும் 45 கன அடிதான். ஜல்லி போட்ட குழியில காலி இடம் 40 சதவீதம்னு வச்சா 500 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். 2,800 லிட்டருக்கு?

வாட்டம்:
பெய்யப் பெய்ய இறங்கிட்டு இருந்தா சமாளிக்கும். களியில வேகமா இறங்காது, அதனால தொட்டிக்குள்ள 6 இஞ்ச் போர் 10 முதல் 15 அடி போட்டு, களிக்குக் கீழ மணல் தட்டுற வரைக்கும் போறது வழக்கம். மணல் தட்டலைன்னா அந்தச் செலவு வீண், நிறுத்திடுங்க. எது எப்படி இருந்தாலும் தொட்டியோட மேல்மட்டத்துல இருந்து 3 இஞ்ச் பைப் ஒண்ணு தெரு மழைநீர் வடிகாலுக்குப் போகணும். பாதாள சாக்கடையில சேர்க்கக் கூடாது. நல்ல மழையில அது எதிர்த்து வீட்டுக்குள்ளயே திரும்பும்.

மண்வெட்டி:
மாடித் தண்ணியைக் கட்டினதுக்கு அப்புறம் பாக்கி 650 லிட்டரை அமைப்பே பார்த்துக்கும். 10 அடி அகலத்தை இப்படிப் பிரிக்கலாம். வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி வெறும் ஜல்லிப் பட்டை. அங்க செடி வேண்டாம், சுவர்ல ஈரம் ஏறும். அடுத்து 3 அடி பாத்தி. அடுத்து இரண்டரை அடி நடைபாதை. அப்புறம் 2 அடி 8 இஞ்ச் பாத்தி. காம்பவுண்டுக்கும் அதுக்கும் நடுவுல 4 இஞ்ச் இடைவெளி. பாத்தி நீளம் 12 அடி, ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு அடி விட்டா கேட்டும் குழாயும் தாராளமா இருக்கும்.

முக்கியமானது: பாதை பாத்தியை விடத் தாழ்வா இருக்கணும். நடைபாதைதான் வாய்க்கால். வீட்டு முனையில இருந்து கேட் வரைக்கும் 14 அடிக்கு ரெண்டு இஞ்ச் வாட்டம் போதும்.

வாட்டம்:
வாட்டத்தைக் கண்ணால பார்க்காதீங்க, காம்பவுண்டுச் சுவரே கோணலா இருக்கும். டியூப் மட்டத்துல தண்ணி விட்டு ரெண்டு முனையிலயும் சுவர்ல கோடு போட்டு, கேட் பக்கம் ரெண்டு இஞ்ச் இறக்கி நூல் கட்டுங்க. டியூப்ல காத்துக் குமிழி ஒண்ணு இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்.

பாதைக்கு 6 இஞ்ச் தோண்டி, திமிசுக்கட்டையால இடிச்சு, முக்கால் இஞ்ச் ஜல்லி 4 இஞ்ச், அதுமேல எம்-சாண்ட் ஒன்றரை இஞ்ச். பரப்பு 35 சதுர அடி. ஜல்லி 12 கன அடி வருது, இடிச்சா இறங்கும், 14 எடுங்க. எம்-சாண்ட் 5. காலி சிமெண்ட் மூட்டை ஒண்ணுல ஒன்னேகால் கன அடி பிடிக்கும், அந்தக் கணக்குல மூட்டையாவே வாங்கலாம், யூனிட் (100 கன அடி) கணக்குல வண்டி பிடிக்க வேண்டாம். கல் ஒன்றரைக்கு ஒன்றரை அடி கடப்பா, 7 எண்ணம். கல்லோட நடுவுல இருந்து அடுத்த கல்லோட நடு வரைக்கும் 2 அடி. அதுதான் சாதாரண நடைக்கு ஒரு எட்டு, சேலை கட்டினவங்களுக்கும் சரியா வரும். பாலிஷ் போட்ட பக்கம் கீழ, சொரசொரப்பு மேல. மாத்திப் போட்டா கார்த்திகையில வழுக்கி விழுவீங்க. கல்லுக்கு நடுவுல சிமெண்ட் பூசாதீங்க. பூசினா வாய்க்காலும் போச்சு, ஜல்லி போட்டதும் தண்டம்.

கீரைக்கட்டு:
பாத்தி விளிம்புக்கு என்ன? சவுக்குக் கட்டைன்னு சொல்லிடாதீங்க, ஒரு மழைக்காலத்துல கரையான் முடிச்சிரும்.

மண்வெட்டி:
சாலிட் பிளாக், 16-க்கு 8-க்கு 4 இஞ்ச். 8 இஞ்ச் உயரம் வர்ற மாதிரி நிறுத்தி, அடியில ரெண்டு இஞ்ச் ஜல்லி. கலவை வேண்டாம். சுத்தளவு ரெண்டு பாத்திக்கும் சேர்த்து 60 அடி, 45 பிளாக். நாலு அடிக்கு ஒரு இடத்துல அரை இஞ்ச் இடைவெளி விட்டா ஊறின தண்ணி பாதைக்கு வடியும். மண் நடுவுல கொஞ்சம் மேடா, சராசரி 9 இஞ்ச். மொத்தம் 51 கன அடி, அரை யூனிட்.

நிழல்வலை:
பிளாக்கோட கனத்தைக் கழிக்க மறந்துட்டீங்க. ரெண்டு பக்கமும் நாலு நாலு இஞ்ச் போனா உள் அகலம் 28 இஞ்ச், 24 இஞ்ச். நீளமும் 136 இஞ்ச்தான். கணக்குப் போட்டா 37 கன அடி. உதிரி மண் ஆறுல ஒரு பங்கு அமுங்கும், 44 எடுத்தா சரியா இருக்கும்.

மண்வெட்டி:
சரி, தப்பு என்னோடதுதான். 44-ஐ இப்படிப் பிரிங்க: செம்மண் 24, நல்லா மட்கின தொழு உரம் 11, தோண்டின களியையே உடைச்சு 9. களியை முழுசா ஒதுக்காதீங்க. அதுல சத்தும் ஈரப்பிடிப்பும் இருக்கு, வெறும் செம்மண் சித்திரையில ரெண்டு வேளை தண்ணி கேட்கும்.

கொட்டுறதுக்கு முன்னாடி பாத்தி இடத்துல இருக்கிற களியை ஆறு இஞ்ச் ஆழத்துக்கு கடப்பாரையால கிளறி, புது மண்ணுல மூணு இஞ்ச் மட்டும் போட்டு ஒண்ணாக் கலங்க. நான் மேல சொன்ன அந்தக் கோடு அழிஞ்சாதான் வேர் இறங்கும். கிளறுறதுக்கும் பதம் உண்டு. கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். ஒட்டற ஈரத்துல கிளறினா வெயில் பட்டதும் கல்லாயிடும், அந்த வருஷம் பூரா அதை உடைக்க முடியாது.

வாசல்திண்ணை:
புல்தரை?

கீரைக்கட்டு:
விட்டுடுங்க. மேற்கு வாசல், காலையில வீட்டு நிழல், மதியம் 12-ல இருந்து நாலரை வரைக்கும்தான் வெயில். கொரியன் புல்லுக்கு அது பத்தாது. களியில கோரைக்கிழங்கு வேற முளைக்கும். புல்லையும் கோரையையும் கையால பிரிச்சு எடுக்கிறதுக்கு உங்களுக்கு வேற வேலை இருக்கக்கூடாது.

வெயிலைப் பார்த்துச் செடியை நடுங்க. வீட்டுப் பக்க 3 அடி பாத்திக்கு வெயில் கடைசி வரைக்கும் இருக்கும்: பாதி வெண்டை, மீதியில நாலு கத்தரி, அஞ்சாறு மிளகாய். காம்பவுண்டு பக்கம் நாலு மணிக்கே நிழல் விழும்: அரைக்கீரை, சிறுகீரை, ஓரமா வல்லாரை, பொன்னாங்கண்ணி. கேட் முனையில ஈரம் அதிகம், அங்க ரெண்டு கல்வாழையும் சேம்பும் வச்சா தண்ணி நின்னாலும் தாங்கும். முருங்கையை இந்த இடத்துல வைக்கவே வேண்டாம். வேர்ல தண்ணி நின்னா முதல்ல சாகிறது அதுதான், கம்பளிப்பூச்சி வந்தா வாசல்ல நடக்கவும் முடியாது.

வெண்டை விதையை ராத்திரி ஊறவச்சுக் காலையில ஊணுங்க. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. குழிக்கு ரெண்டு விதை, அரை இஞ்சுக்கு மேல ஆழம் போகாதீங்க. பத்தாம் நாள் ஒண்ணைப் பிடுங்காம கத்தரிக்கோலால வெட்டி விடுங்க. பிடுங்கினா பக்கத்துச் செடியோட வேரும் அசையும். 45 நாள்ல காய் வரும், அதுக்கப்புறம் ரெண்டு நாளுக்கு ஒரு தடவை பறிச்சே ஆகணும். நாலாம் நாள் வரைக்கும் விட்டா நார் ஏறும், செடியும் பூக்கிறதைக் குறைச்சிடும்.

கீரை விதை ஒரு சதுர மீட்டருக்கு 2 கிராம், அதைப்போல பத்து மடங்கு மணல் கலந்து தூவுங்க. தூவினதும் பூவாளியில தெளிக்கணும், குழாயை நேரா விட்டா விதை எல்லாம் ஒரு மூலையில குவியும். எறும்பு இழுத்துட்டுப் போகும், பாத்தியைச் சுத்தி ஒரு கோடு சாம்பல் போடுங்க. 25-ம் நாள் பறிக்கலாம்.

வாசல்திண்ணை:
கத்தரி, மிளகாய்க்கு நாத்து விடணுமா, வாங்கலாமா?

கீரைக்கட்டு:
நாத்து விட்டா 30 நாள் ஆகும், இப்பவே ட்ரேயில போடணும். விதை கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சைப் பொடி) 4 கிராம்னு கணக்கு. வீட்டு அளவுக்கு விதையில லேசா ஒட்டற மாதிரி புரட்டினா போதும், நாத்து கழுத்துல அழுகி சாயறது குறையும். வாங்கறதா இருந்தா நர்சரியில பூ வந்த நாத்தை எடுக்காதீங்க. பூ பார்த்து ஆசைப்பட்டு வாங்கினா, அது வேர் பிடிக்காம ஒரு காயோட நின்னுடும். நாலஞ்சு இலை, பென்சில்ல பாதி கனம் தண்டு, அதுதான் சரியான நாத்து. சாயங்காலம் நடுங்க, ஆடிக்காத்து பலமா இருக்கும், நட்ட அன்னைக்கே ஒரு குச்சி ஊணிக் கட்டிடுங்க.

கொடிவீடு:
இடையில ஒரு கேள்வி. மாடியில 40 செடிப் பை வச்சு சொட்டுநீர் போட்டிருக்கேன். டிரிப்பர்ல மணிக்கு 4 லிட்டர்னு போட்டிருக்கு, அரை மணி நேரம் விட்டும் பாதிப் பை காயுது. அடைப்பு இல்லை.

நிழல்வலை:
டேங்க் டிரிப்பரை விட எவ்வளவு உயரம்? ஒன்றரை மீட்டர்னு வைங்க. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், உங்களுக்கு 0.15 பார். 4 லிட்டர்னு எழுதியிருக்கிறது 1 பார் அழுத்தத்துக்கு. சாதாரண டிரிப்பர்ல அழுத்தத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் தண்ணி வரும். 0.15-க்கு வர்க்கமூலம் 0.39, அப்போ மணிக்கு ஒன்றரை லிட்டர்தான். அரை மணி நேரத்துல முக்கால் லிட்டர். ஒரு டம்ளரை அடியில வச்சு அளந்து பாருங்க. அழுத்தத்தைச் சமன் செய்யற வகை டிரிப்பர் இந்த உயரத்துல வேலையே செய்யாது, விலை அதிகம், அதனால நல்லதா இருக்கும்னு அதை வாங்கிடாதீங்க.

இன்னொண்ணு, 40 பையும் எங்க இருக்கு? 15-க்கு 15 இஞ்ச் பை 43 லிட்டர் பிடிக்கும், நனைஞ்சா 50 கிலோவை நெருங்கும். ஆள் நடமாடற மாடிக்கு இந்தியத் தர அளவுல கணக்கிடற சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஒட்டி ஒட்டி அடுக்கினா அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். சதுர மீட்டருக்கு ரெண்டு பைக்கு மேல வேண்டாம். பீம், சுவர் மேல வர்ற ஓரமா வரிசைப்படுத்துங்க, நடு ஹாலுக்கு மேல இருந்தா இன்னைக்கே நகர்த்துங்க.

மட்டுறுத்துநர்:
மாடிப் பை பத்தி மேற்கொண்டு கேட்கிறதைத் தனி இழையில வைங்க. இங்க வாசல் மட்டும்.

மண்வெட்டி:
மழைக்காலத்துக்கு ரெண்டு வார்த்தை. புரட்டாசி கடைசியில உரம் போடறதை நிறுத்துங்க, ஐப்பசி மழையில அது தெருவுக்குத்தான் போகும். அந்த மாசத்துல வெண்டை ஓஞ்சிருக்கும். பிடுங்கிட்டு காலி மண்ணை மழையில விடாதீங்க, ரெண்டு இஞ்ச் காய்ஞ்ச இலை மூடாக்கு போடுங்க. மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. மூடாக்குல ஆப்பிரிக்க நத்தை ஒளியும், ராத்திரி டார்ச் அடிச்சு, கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணி வாளியில போடுங்க. உப்பைப் பாத்தியில தூவறவங்க உண்டு, நத்தையோட சேர்ந்து மண்ணும் போகும்.

மழை விட்டதும் கார்த்திகைக் கடைசி, மார்கழியில முள்ளங்கி, கொத்தமல்லி, தக்காளி. குண்டுமல்லி வச்சா வெயில் பாத்தியோட முனையில வைங்க, நவம்பர் கடைசியில தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு கவாத்து பண்ணினா (கிளையை வெட்டி விட்டா) பங்குனியில பூக்கும்.

கீரைக்கட்டு:
வெண்டையில இலை நரம்பு மட்டும் மஞ்சளா வலை மாதிரி தெரிஞ்சா அது சத்துக் குறை இல்லை, வைரஸ். வெள்ளை ஈ பரப்புது. நுண்ணூட்டம் தெளிச்சு நாளைக் கடத்தாதீங்க, அந்தச் செடியை அன்னைக்கே எடுத்துடுங்க. மீதிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி ரெண்டு, செடி உயரத்துக்குக் கட்டுங்க. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, முதல்ல எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் அடிச்சுப் பால் மாதிரி ஆனதும் தண்ணி சேருங்க. எண்ணெய் மிதந்தா இலை கருகும். தெளிக்கிறது சாயங்காலம், இலைக்கு அடியில. கத்தரியில நுனிக்குருத்து மட்டும் தலை தொங்கினா உள்ள புழு. தொங்கினதுக்கு ஒரு இஞ்ச் கீழ வெட்டி, குப்பையில போடாம நசுக்கிடுங்க.

வாசல்திண்ணை:
தொட்டியைத் திறந்தாச்சு. மேல ஏழு இஞ்சுக்கு மணலே இல்லை, கறுப்புச் சேறு. ஜல்லி கழுவிப் போட்டு, புது மணல் போட்டு, 200 லிட்டர் டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தோம். 40 நிமிஷத்துல இறங்கிடுச்சு. அப்போ தெருவுக்குப் போற 3 இஞ்ச் பைப் தேவையில்லைதானே? அதுக்காக கேட் தரையை உடைக்கணும்.

வாட்டம்:
உடைங்க. நீங்க சோதிச்சது ஆனியில, நிலத்தடி நீர் கீழ கிடக்கிற நேரத்துல. உங்க மனை ஏரிக்குக் கீழ. ஏரி நிரம்பினா கார்த்திகையில தண்ணி தானே மேல வரும், அப்போ தொட்டி கீழ இருந்தே நிரம்பியிருக்கும், ஒரு குடம் கூட வாங்காது. பெருமழை வர்றதும் அந்த நேரத்துலதான். பைப்பைப் போட்டு, தெரு முனையில தவளை, எலி வராம வலை வச்சுடுங்க. தொட்டி மூடி மேல பூந்தொட்டி அடுக்காதீங்க, அடுத்த ஆனியில திறக்கணும்.